கடலோரக் காற்றில் கேலிபரேஷன் செய்த ஆக்ஸிஜன் அனலைசர் கூடுதலாகக் காட்டுவது ஏன்?

கேள்வி (மண்டபம்):
வணக்கம். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பகுதி வீடுகளில் உள்ள ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர்களை (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைச் செறிவாக்கித் தரும் இயந்திரங்களை) பழுதுபார்த்து வருகிறேன். என்னிடம் இருப்பது கால்வனிக் செல் (ஆக்ஸிஜன் பட்டால் மின்சாரம் தரும் உணரி) வகைக் கையடக்க அனலைசர், அதாவது ஆக்ஸிஜன் விழுக்காட்டை அளக்கும் கருவி. அதைத் திறந்தவெளியில் வைத்து, எண் அசையாமல் நின்ற பிறகு 20.9 விழுக்காடு என்று அமைத்துக்கொண்டுதான் (இதுதான் கேலிபரேஷன்) இயந்திரத்தை அளக்கிறேன். கையேட்டில் 93 விழுக்காடு, மூன்று கூடலாம் அல்லது குறையலாம் என்றிருக்க, 96.5 வரை காட்டுகிறது. ராமநாதபுரத்தில் ஏசி அறைக்குள் அமைத்துக்கொண்டு வந்தால் அதே இயந்திரம் 94-ஐ ஒட்டி நிற்கிறது. வாடிக்கையாளருக்கு 96.5 என்றால் மகிழ்ச்சிதான், எனக்குத்தான் நெருடுகிறது. செல்லை மாற்ற வேண்டுமா?

பதில் (கீழக்கரை):
செல்லைக் குறை சொல்வதற்கு முன் காற்றில் உள்ள ஈரத்தைக் கணக்கில் எடுங்கள். 20.9 என்பது உலர்ந்த காற்றுக்கு உரிய அளவு. 32 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நம் கடற்கரைக் காற்றில் நீராவியே 3.8 விழுக்காட்டை எடுத்துக்கொள்வதால், ஆக்ஸிஜன் ஏறத்தாழ 20.2 தான் இருக்கும். அந்த 20.2-ஐ 20.9 என்று அனலைசருக்குப் பழக்கிவிட்டால், பிறகு அளப்பதையெல்லாம் அதே விகிதத்தில் கூட்டியே காட்டும். 93 என்பது 96.4 ஆகிவிடும். ஏசி அறையில் ஈரம் குறைவு என்பதால் பிழையும் குறைவு.

இன்னொரு சான்றும் உண்டு. கான்சன்ட்ரேட்டரில் உள்ள சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் நைட்ரஜனைத்தான் பிடித்துவைக்கும். காற்றில் சிறிதளவு உள்ள ஆர்கான் வாயு ஆக்ஸிஜனோடு சேர்ந்தே வெளியேறும். ஆகவே எவ்வளவு நல்ல இயந்திரமும் 95.7-ஐத் தாண்ட வழியில்லை. தாண்டினால் அனலைசரைத்தான் சந்தேகிக்க வேண்டும். இது வெறும் எண் பிரச்சினையும் அன்று: பல இயந்திரங்களில் 82-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியும், உண்மையில் 80 தரும் இயந்திரத்தை உங்கள் அனலைசர் 83 என்று சொல்லித் தேற்றிவிடும்.

மீன்தொட்டிக்கு வைக்கும் சிறிய பம்பால் காற்றை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் நிரப்பிய குழாய் வழியே மெதுவாகச் செலுத்தி, அந்த உலர்ந்த காற்றில் 20.9 அமையுங்கள்.

பதில் (ராமநாதபுரம்):
மேலே சொன்னது சரி. ஆனால் காற்றை மட்டும் நம்பி 90-க்கு மேல் அளப்பதை நான் ஏற்கமாட்டேன். தேய்ந்த செல் காற்றில் 20.9-ஐ ஒழுங்காகக் காட்டிவிட்டு, உயர்ந்த அளவில் ஏற முடியாமல் திணறும். 99 விழுக்காட்டுக்குக் குறையாத மருத்துவ ஆக்ஸிஜன் சிலிண்டரில் ஒருமுறை சோதித்தால் அது வெளிப்பட்டுவிடும். வாயு வெளியேறும் வழியை அடைத்துவிடாதீர்கள். அழுத்தம் கூடினால் எண்ணும் கூடும். வாயுவுக்கு ஈரமூட்டும் ஹியூமிடிஃபயர் பாட்டிலுக்கு முன்னால் அளப்பதும் முக்கியம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சிலிண்டரில் 99 காட்டும்படி அமைத்த பின் அந்த இயந்திரம் 93.1 காட்டுகிறது, செல்லை மாற்றவில்லை. சிலிக்கா ஜெல் மட்டும் இந்தக் காற்றில் விரைவிலேயே நீலம் மாறி இளஞ்சிவப்பாகிவிடுகிறது. மறுபடி பயன்படுத்தலாமா?

பதில் (கீழக்கரை):
தாராளமாக. 120 டிகிரி அளவில் சில மணி நேரம் உலர்த்தினால் நீலம் திரும்பும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருப்பதால் வீட்டுச் சமையல் ஓவனில் வைக்காதீர்கள். ஆரஞ்சு நிற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.