இன்வெர்ட்டரில் மட்டும் தானாக எரிந்து அணையும் சென்சார் விளக்கு

மயிலாடுதுறை அருகே கிராமத்து வீடு. கொல்லைக் கதவுக்கு மேல் மாட்டியிருக்கும், ஆள் நடமாடினால் தானாக எரியும் சென்சார் விளக்கு மின்வாரிய மின்சாரத்தில் ஒழுங்காக வேலை செய்கிறது. மின்தடை வந்து இன்வெர்ட்டருக்கு மாறியதும், ஆளே இல்லாமல் சில விநாடிகளுக்கு ஒருமுறை எரிந்து அணைகிறது. திருடனுக்கு வசதியான நேரமே மின்தடைதான். அப்போது பார்த்து இது கூத்தாடுகிறது.

விவரம்: 180 பாகை பி.ஐ.ஆர். (உடல் வெப்பத்தின் அசைவை உணரும்) சென்சார், 230 வோல்ட், ஃபேஸ், நியூட்ரல், லோடு என மூன்று வயர். ஏழடி உயரத்தில் இருக்கிறது. 9 வாட் எல்.இ.டி. பல்பு. இன்வெர்ட்டர் பழைய ஸ்கொயர் வேவ் (சதுர அலை மின்சாரம் தரும்) வகை, 150 ஏ.எச். பேட்டரி. கோடையில் மாட்டியது, ஐப்பசி மழையில் இரவு மின்தடை கூடிய பிறகுதான் கோளாறு கண்ணில் பட்டது.

சென்ஸ் (உணர்திறன்), டைம் (எரியும் நேரம்), லக்ஸ் (வெளிச்ச அளவு) மூன்று திருகுகளையும் கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டேன். பல்பைச் சென்சாரின் பார்வையில் படாமல் தள்ளி மாட்டினேன். எதிரே காற்றில் ஆடிய வாழை இலைகளை அறுத்தேன் (அதற்கு அம்மாவிடம் வாங்கிய திட்டு தனி). கடையில் மாற்றிக் கொடுத்த சென்சாரும் இதே ஆட்டம்தான். குண்டு பல்பு போட்டும் மாற்றமில்லை. எலக்ட்ரீஷியன் நியூட்ரல் இணைப்பைச் சோதித்துச் சரியாக இருக்கிறது என்றார். மின்வாரிய மின்சாரம் போன்ற சீரான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கச் சொல்கிறார். ஒரு விளக்குக்காக அவ்வளவு செலவு செய்ய மனம் வரவில்லை.

இன்வெர்ட்டரை மாற்றாமல், 12 வோல்ட் டி.சி. சென்சாரையும் விளக்கையும் அடாப்டர் வழியாக இணைத்தால் ஸ்கொயர் வேவ் மின்சாரத்திலும் தொல்லையின்றி இயங்குமா?