1949-ஆம் ஆண்டுப் படத்தின் ஃபிரேமோடு என் ரெண்டர் (கணினி ஆக்கிய படம்) ஏன் ஒட்டவில்லை?

கேள்வி:
கரோல் ரீட் இயக்கிய ‘தி தேர்ட் மேன்’ படத்தில் வரும் வியன்னாவின் இரவுத் தெரு ஒன்றைப் பயிற்சிக்காக பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவாக்கி வருகிறேன். லென்ஸ் 35 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, பின்னணியில் ஃபிரேமைப் போட்டுக் கண்ணளவில் கேமராவைப் பொருத்தினேன். முன்னாலுள்ள வாசற்படி சரியாக உட்கார்ந்தால் தெருக்கோடி வளைவு விலகுகிறது. வளைவைப் பிடித்தால் வாசற்படி விலகுகிறது. ஈரக் கற்களோ பிளாஸ்டிக் போலத் தெரிகின்றன. எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
கேமரா சென்சாரின் (படம் பதியும் பரப்பின்) அகலத்தைப் பாருங்கள், நண்பரே. பிளெண்டர் தானாக 36 மி.மீ. என்று வைத்திருக்கும், அக்காலத்து 1.37 அகல-உயர விகித ஃபிரேமின் அகலமோ படச்சுருளில் ஏறத்தாழ 22 மி.மீ.தான். அதே 35 மி.மீ. லென்ஸ் முன்னதில் 54 பாகைக் கோணத்தையும் பின்னதில் 35 பாகைக் கோணத்தையும் காட்டும். அந்த வேறுபாட்டை ஈடுகட்டக் கேமராவை நகர்த்தியிருப்பீர்கள். நிற்கும் இடம் பிசகிவிட்டால் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒருசேரப் பொருந்தவே மாட்டா. லென்ஸையும் ஊகிக்க வேண்டாம்: எஃப்-ஸ்பை என்ற கேமரா பொருத்தும் மென்பொருளில் சன்னல், கூரை விளிம்புகளின் மேல் கோடுகளை இழுத்தால், மறைபுள்ளிகளை (இணைகோடுகள் தொலைவில் கூடும் புள்ளிகளை) கொண்டு கோணத்தையும், இந்தப் படத்துக்கே பேர்போன அந்தக் கேமராச் சாய்வையும் அது கணக்கிட்டுத் தரும். ஒரு பக்கம் மட்டும் வெட்டப்பட்ட ஃபிரேமைக் கொடுத்துவிடாதீர்கள், மையம் நகர்ந்துவிடும்.

பதில் 2:
கல் நனைந்தால் பளபளப்பதோடு கறுக்கவும் செய்யும். நீங்கள் ரஃப்னெஸ்ஸை (பரப்பின் சொரசொரப்பு அளவை) குறைத்துவிட்டு நிறத்தைத் தொடாமல் விட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. நிறத்தை நன்றாக இறக்குங்கள். கல்லின் முதுகுக்கும் இடுக்கில் தேங்கிய நீருக்கும் வெவ்வேறு ரஃப்னெஸ் கொடுங்கள். விளக்கை எதிரே, கற்களுக்குப் பின்னால் வைத்தால்தான் ஒவ்வொரு முதுகிலும் ஒரு கீற்று நிற்கும். ராபர்ட் கிராஸ்கருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த அந்த ஒளிப்பதிவில் தெருவுக்குத் தண்ணீர் ஊற்றித்தான் நனைத்தார்கள். ஆகவே சுவர்களையும் சேர்த்து நனைத்து, மழை பெய்த இரவாக்கிவிடாதீர்கள்.

கேட்டவர்:
22 மி.மீ. என்று மாற்றியதும் வாசற்படியும் வளைவும் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன, நன்றி. ஆனால் பிளெண்டரில் படங்களை இணைக்கும் கம்பாசிட்டரில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூல ஃபிரேம்தான் மங்கித் தெரிகிறது.

பதில் 1:
பிளெண்டர் 4.0 முதல் இயல்பாக இருக்கும் ஏஜிஎக்ஸ் என்ற நிறத்தோற்ற மாற்றம் உங்கள் ஃபிரேமின் மேலும் விழுகிறது. ரெண்டரைச் சேமித்து வேறு மென்பொருளில் ஒப்பிடுங்கள். அங்கே நிறமெடுக்கும் கருவியை ஃபிரேமின் ஆழ்ந்த நிழலில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது முழுப் பூச்சியமாக இராது, உங்கள் கறுப்பையும் அந்த அளவுக்குத் தூக்குங்கள். கிரெயினை (படச்சுருளின் மணல் போன்ற புள்ளிகளை) கடைசியில் சேருங்கள்; முதலிலேயே தூவினால் ஒளியமைப்பின் பிழைகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.