புதுப்பிப்பு: காதோடு காது விளையாட்டு, பெரிய குழுவுக்கு

ஒரு வசனத்தை ஒருவர் காதில் ஒருவராகக் கிசுகிசுத்துக் கடத்தி, கடைசி ஆளிடம் எப்படி மாறிப் போய்ச் சேர்கிறது என்று பார்க்கும் இந்த விளையாட்டை, கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்தில் 30 பேருக்கு எப்படி நடத்துவது என்று முந்தைய பதிவில் கேட்டவர்களுக்காக.

ஒரே வரிசை சரிவராது, கடைசி ஆட்கள் சலித்துவிடுவார்கள். பத்துப் பத்துப் பேராக மூன்று வரிசை, மூன்றுக்கும் ஒரே வசனத்தைத் துண்டில் எழுதி முதல் ஆளிடம் கொடுங்கள்: "பம்பலப்பிட்டியில் மாமி வாங்கின ஏழு மாம்பழத்தில் மூன்று புளிப்பு." எண்ணும் ஊர்ப்பெயரும்தான் சட்டென்று மாறும், சிரிப்பும் அங்கேதான். இதைவிட நீட்டினால் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும்.

ஒருமுறைதான் சொல்லலாம். மின்விசிறியைக் குறையுங்கள். கரையோர ரயில் போகும்போது நிறுத்துங்கள், இல்லாவிட்டால் குரல் உயர்ந்து பக்கத்து வரிசைக்கும் கேட்கும். காதருகே குனியக் கூச்சப்படுபவர்களுக்கு (அலுவலகக் குழுவில் கட்டாயம் இருப்பார்கள்) சுருட்டிய ஏ4 தாள் போதும். வேண்டுமென்றே மாற்றுகிற குறும்பரை முதல் இடத்தில் வையுங்கள். துண்டு கையில் இருக்க, சரியாகக் கேட்கவில்லை என்று சாக்குச் சொல்லி வாலாட்ட முடியாது.