கெய்ரின் சைக்கிள் சட்டகத்தில் இறுகிப்போன சீட் போஸ்ட்: உதவி தேவை

வணக்கம். 1980களில் ஜப்பானில் கையால் செய்யப்பட்ட, என்ஜேஎஸ் (ஜப்பானியக் கெய்ரின் அமைப்பின் தர ஒப்புதல்) முத்திரை பதித்த எஃகுக் கெய்ரின் (ஜப்பானிய ஓடுதளச் சைக்கிள் பந்தயம்) சட்டகம் ஒன்று என்னிடம் உள்ளது, அதனுள் 27.2 மி.மீ. அலுமினியச் சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் தண்டு) முற்றிலும் இறுகிவிட்டது. லண்டன் ஹெர்ன் ஹில் சைக்கிள் பந்தய ஓடுதளத்தில் இக்கோடையில் ஓட்ட வேண்டுமானால் இருக்கையைத் தாழ்த்தியே ஆக வேண்டும்.

போஸ்ட் நுழையும் சட்டகக் குழாயின் வாயில் வெள்ளைத் துகள் படிந்திருக்கிறது. ஊடுருவும் எண்ணெயை மேலிருந்தும், சட்டகத்தைத் தலைகீழாக நிறுத்திப் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு பொருந்தும் கூடு) வழியாகவும் விட்டு வாரக்கணக்கில் ஊறவைத்தேன். பிறகு அம்மோனியாவையும் முயன்றேன். போஸ்டின் தலையை வைஸில் (மேசைப் பிடிகருவி) பிடித்துச் சட்டகத்தைத் திருப்பியபோதும் மயிரிழை அசையவில்லை. சூடேற்றினால் அசல் வண்ணப்பூச்சு கருகிவிடும். இத்தகைய சட்டகத்தில் அதை இழப்பது பாதி மதிப்பை இழப்பதற்குச் சமம். எஞ்சியிருப்பது, எஃகை விட்டு அலுமினியத்தை மட்டும் கரைக்கும் காஸ்டிக் சோடாதான், ஆனால் அது பூச்சையும் உரிக்கும்.

அக்கரைசலைப் பூச்சில் படாமல் குழாய்க்குள்ளேயே நிறுத்திப் போஸ்டைக் கரைத்தெடுத்தவர்கள் எந்த முறையைக் கையாண்டீர்கள்?