நெஞ்சில் நின்ற பேச்சு: உங்கள் அனுபவம்

கரூர் வாசகி:
அப்பாவை டிஸ்சார்ஜ் செய்த அன்று. டாக்டர் மளமளவென்று சொன்னதற்கெல்லாம் அம்மா தலையாட்டினார், ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஒரு நர்ஸ் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மாத்திரை அட்டையை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, "இந்த மஞ்சள், சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றார். 'முன்னாடி'யில் ஒரு நொடி நிறுத்தி அம்மாவின் கண்ணைப் பார்த்தார். "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கம்மா." அம்மா தப்பில்லாமல் சொன்னார். எட்டு வருடமாகிறது, அந்த ஒரு நொடி இன்னும் காதில் இருக்கிறது. அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம்.

செய்யாறு வேலன்:
அது தெளிவு, சரி. உணர்ச்சியோடு பேசுவது வேறு சங்கதி. எங்கள் ஊர் பாரதக் கூத்தில் துகிலுரிதல். விடிய இரண்டு மணி நேரம் இருக்கும். திரௌபதி வேஷம் கட்டியவர் அதுவரை தொண்டை கிழியப் பாடியவர், பீஷ்மரைப் பார்த்துச் சன்னமாக "தாத்தா" என்றார். மத்தளமும் முகவீணையும் ஓய்ந்துவிட்டன. கூட்டத்தின் கடைசியில் சாக்கு விரித்துப் படுத்திருந்த என் ஆயா எழுந்து உட்கார்ந்தாள். மைக் கிடையாது. எப்படிக் கேட்டது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வேறு சங்கதி இல்லை, வேலன் தம்பி. சன்னமாகச் சொன்னாலும் அவர் எழுத்தை விழுங்கவில்லை, அதனால்தான் ஆயாவுக்குக் கேட்டது.
என் மாணவி ஒருத்திக்கு 'பழம்' 'பளம்' என்றுதான் வரும். ஆண்டு விழா மேடையில் பிள்ளைகள் சிரிக்க, பாதியில் இறங்கிவிட்டாள். நான் சிரித்தவர்களை அதட்டவில்லை.
வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ழகரத்துக்கு நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை வருட வேண்டும். ளகரத்துக்கு நாக்கின் விளிம்பு தடித்து வருடும். எழுத்தொலிகள் எப்படிப் பிறக்கின்றன என்று தொல்காப்பியர் பிறப்பியலில் சொன்னதுதான். கண்ணாடி முன் 'வாழை', 'வாளை' என்று மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம் செய்தித்தாளை உரக்கப் படிக்கட்டும், வேகம் வேண்டாம். முக்கியமாக, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்க விடாதீர்கள். தமிழில் வினை கடைசியில்தான் வரும். 'கொடுத்தான்' என்பதா 'கொடுக்கவில்லை' என்பதா, அங்கே போனால்தான் தெரியும். மூச்சைச் சேமித்து அந்த இடத்துக்கு வைக்கப் பழக்குங்கள்.

கரூர் வாசகி:
ஐயா, அந்தப் பெண் மறுபடி மேடை ஏறினாளா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
இல்லை அம்மா. பத்தாம் வகுப்பு முடியும்வரை ஏறவில்லை.