ஓசோனாற்பகுப்பில் மூன்றாவது ஆக்சிஜன் எங்கே போகிறது?

பாளையங்கோட்டை, இளநிலை வேதியியல் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். ஓசோனாற்பகுப்பு என்பது கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பை ஓசோனால் பிளக்கும் வினை. அத்தகைய பிணைப்புள்ள 2-மெத்தில்பியூட்-2-ஈனில் ஓசோனைச் செலுத்தி, பின்னர் துத்தநாகத் தூளும் நீரும் சேர்த்தால் அசிட்டோனும் அசிட்டால்டிஹைடும் கிடைக்கும் என்று பாடத்தில் உள்ளது. ஓசோனில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. விளைபொருள்களிலோ இரண்டுதான் இருக்கின்றன. மீதி ஒன்று என்னவாகிறது? துத்தநாகம் சேர்க்காவிட்டால் என்ன நேரும்?

தென்காசி, ஓய்வு பெற்ற ஆசிரியர்:
அணுக்களை எண்ணிப் பார்த்தீர்களே அம்மா, அதுதான் முறை. ஓசோன் இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களோடும் ஒருசேர இணைந்து, மூன்று ஆக்சிஜன்களும் அடுத்தடுத்து அமைந்த ஐந்தணு வளையத்தை முதலில் உருவாக்குகிறது. இவ்வளையம் நிலையற்றது. அதிலுள்ள ஓர் ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பும், கார்பன்களுக்கிடையே எஞ்சியிருந்த ஒற்றைப் பிணைப்பும் அறுந்து, ஒரு துண்டு கார்பனைல் சேர்மமாகவும் (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்தது) மற்றது கார்பனைல் ஆக்சைடாகவும் (அதில் மேலும் ஓர் ஆக்சிஜன் சேர்ந்தது) பிரிகின்றன. கார்பன் சங்கிலி உண்மையில் துண்டாவது இந்தப் படியில்தான். பாடநூல்கள் இதை ஒரே அம்புக்குறியில் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. பிரிந்த இரண்டும் மீண்டும் சேரும்போது, கார்பன்களை ஒரு பக்கம் ஓர் ஆக்சிஜனும் மறுபக்கம் இரண்டு ஆக்சிஜன்களும் பிணைக்கின்றன. அதுவே ஓசோனைடு. இவ்வழிமுறையை வகுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ருடால்ஃப் கிரீகி.

ஓசோனைடை நீர் மட்டும் பகுத்தால், நீங்கள் தேடும் ஆக்சிஜன் ஹைட்ரஜன் பெராக்சைடாக வெளிப்பட்டு, அசிட்டால்டிஹைடை அசிட்டிக் அமிலமாக ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். அசிட்டோனின் கார்பனைல் கார்பனில் ஹைட்ரஜன் இல்லாததால் அது அப்படியே தப்பிவிடும். துத்தநாகம் அந்த ஆக்சிஜனைத் தான் ஏற்றுக்கொண்டு ஆல்டிஹைடைக் காக்கிறது.

அம்பாசமுத்திரம், ஆராய்ச்சி மாணவர்:
அண்ணாச்சி கூறியதோடு ஆய்வக நடைமுறையையும் சேர்க்கிறேன். அசிட்டோனில் உலர்பனி (திண்ம கார்பன் டைஆக்சைடு) இட்ட குளிர்தொட்டியில் குடுவையை வைத்து, ஏறத்தாழ −78 பாகை செல்சியஸில் இவ்வினையைச் செய்கிறோம். நம் ஊர் வெயிலில் உலர்பனியை முன்கூட்டியே வாங்கி வைப்பதில் பயனில்லை. ஆல்கீன் (இரட்டைப் பிணைப்புள்ள தொடக்கச் சேர்மம்) தீர்ந்ததும் மிகுதியான ஓசோன் கரைந்து கரைசல் இளநீலமாகும். உடனே ஓசோனை நிறுத்தி, எஞ்சியதை நைட்ரஜனால் வெளியேற்றியபின், துத்தநாகத்துக்குப் பதிலாக டைமெத்தில் சல்பைடு சேர்ப்போம். மூன்றாவது ஆக்சிஜன் அதனுடன் சேர்ந்து டைமெத்தில் சல்ஃபாக்சைடு ஆகிவிடும். ஓசோனைடை மட்டும் ஒருபோதும் கரைப்பான் நீக்கி உலர்த்தாதீர்கள்; வெடிக்கக்கூடும்.

பாளையங்கோட்டை, இளநிலை வேதியியல் மாணவி:
மிக்க நன்றி, ஐயா; நன்றி, அண்ணா. அப்படியானால் நல்லெண்ணெயிலுள்ள ஒலிக் அமிலத்தையும் இவ்வாறே பிளக்கலாமா?

தென்காசி, ஓய்வு பெற்ற ஆசிரியர்:
பிளக்கலாம். பதினெட்டுக் கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு ஒன்பதாம் கார்பனில் தொடங்குவதால், ஒன்பது கார்பன் கொண்ட இரு துண்டுகள் கிடைக்கும். ஆக்சிஜனேற்ற முறையில் முடித்தால் அவை அசெலாயிக் அமிலமும் பெலார்கோனிக் அமிலமும் ஆகும். தொழிற்சாலைகளில் அசெலாயிக் அமிலத்தை இவ்வழியில்தான் தயாரிக்கிறார்கள்.