‘ஆட்-ஆன்’ பரிசோதனைக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

மார்க்கம் (டொராண்டோ அருகே), திங்கள் இரவு

சொல்லாக்கக் குழு உறவுகளுக்கு வணக்கம்.

டொராண்டோ பக்கம் வீடு வாங்குவோருக்காக வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதித் தரும் தம்பி ஒருவர் தொழிலைப் பெருக்க நினைக்கிறார். ஒரு வீட்டை ஒழுங்காகப் பார்க்க மூன்று மணித்தியாலம் போகும். நாளுக்கு இரண்டு வீட்டுக்கு மேல் ஆளால் ஏலாது. அதனால் போகும் வீட்டிலேயே தனிக் கட்டணத்துக்கு வேறு சில வேலைகளையும் (ஆங்கிலத்தில் ‘ஆட்-ஆன்’) செய்யத் தொடங்கியிருக்கிறார்: கழிவுக் குழாய்க்குள் கமரா விட்டுப் பார்ப்பது, றேடன் வாயு அளப்பது, வெப்பப் படம் எடுப்பது, விறகு அடுப்பு பாதுகாப்பானதா என்று காப்புறுதிக்காரர் கேட்கும் ‘வெட்’ (WETT) பரிசோதனை, புது வீடென்றால் பதினோராம் மாதத்தில் ஒருமுறை பார்ப்பது. தமிழ்த் துண்டுப்பிரசுரத்தை என்னிடம் தந்திருக்கிறார். வெள்ளி காலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

‘ஹோம் இன்ஸ்பெக்சன்’, ‘ஆட்-ஆன்’ என்ற இரண்டு சொல்லிலும் நிற்கிறேன். ‘வீட்டுப் பரிசோதனை’, ‘கூடுதல் சேவைகள்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘கூடுதல்’ என்றால் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தருகிறோம் என்று விளங்குகிறது. தனியாகக் காசு கட்டிக் கேட்டால்தான் உண்டு என்பது வரவில்லை. உதவுங்கள்.

தஞ்சாவூர், செவ்வாய் காலை

அம்மா, ‘பரிசோதனை’யை விட்டுவிடலாம். சோதனம் என்பது வடமொழியில் தூய்மை செய்தல். நமக்கு ‘ஆய்’ என்ற வேர் இருக்கும்போது கடன் எதற்கு? ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்’ என்பது தொல்காப்பிய உரியியல். உள்ளதை நுணுக்கிப் பார்ப்பதே ஆய்தல். ஆய்த எழுத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் அதன் நுணுகிய ஒலியால்தான். ஏட்டில் மட்டும் உள்ள சொல்லும் அல்ல இது. இன்றும் அடுப்படியில் ‘கீரையை ஆய்ஞ்சு வை’ என்கிறார்கள். பழுத்த இலை, பூச்சி அரித்த இலை, தண்டு எல்லாவற்றையும் விரலால் தள்ளி நல்லதை எடுப்பது. வீடு பார்க்கிற உங்கள் தம்பி செய்வதும் அதே வேலை.

முதல் சொல்: மனையாய்வு. இரண்டாவது: சார்பணி. முதன்மைப் பணியைச் சார்ந்து வரும் பணி. சார்பெழுத்து போல.

கோயம்புத்தூர், செவ்வாய் மதியம்

ஐயா, நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். இங்கே ‘மனை’ என்றால் காலி இடம். விளம்பரங்களில் ‘வீட்டு மனைகள் விற்பனைக்கு’ என்றுதான் வரும். அதோடு ஆய்வைச் சேர்த்தால் மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர் என்றே எங்கள் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். ஈசானிய மூலையைக் கேட்டுத் தொலைபேசி வரும். ‘வீட்டு ஆய்வு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

‘ஆட்-ஆன்’ என்பதற்குத் ‘தனிக்கட்டணச் சோதனைகள்’ போதும். படித்தவுடன் புரியும்.

யாழ்ப்பாணம், செவ்வாய் இரவு

கோவை நண்பருக்கு: எங்கட ஊரில் ‘சோதனை’ என்றால் பள்ளிக்கூடப் பரீட்சைதான் முதலில் நினைவுக்கு வரும். ‘பரிசோதனை’ என்றால் வைத்தியர் பார்ப்பது போல ஒன்றைப் பார்ப்பது. அந்த ‘பரி’யை வெட்ட வேண்டாம்.

அக்காவின் இரண்டாவது சொல்லுக்கு இலங்கையில் புதிதாக ஆக்க ஒன்றுமில்லை. ‘மேலதிக’ இருக்கிறது. மேலதிக அரசாங்க அதிபர், மேலதிக நேரம், மேலதிக வகுப்பு. இந்த மேலதிக வகுப்பைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு, தேவையென்று நினைக்கிற பிள்ளை போவது, பெரும்பாலும் தனிக் காசு கட்டி. அக்கா தேடுகிற பொருள் முழுக்க அதற்குள் இருக்கிறது. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் அஜாக்ஸிலும் இந்தப் பிரசுரத்தை வாசிக்கப்போகிறவர்களில் அதிகம் பேர் எங்கட ஆட்கள். அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தஞ்சாவூர், புதன் காலை

மேல் + அதிகம். பாதி தமிழ், பாதி வடமொழி. ‘மேல்’ என்பதே மிகுதியைக் காட்டிவிட்டது, பிறகு அதிகம் எதற்கு? புழங்குகிறது என்பதற்காக ஏற்றுக்கொண்டால் இந்தக் குழுவுக்கு வேலை இல்லை.

தருமபுரி, புதன் காலை

ஐயா, ‘அதிகம்’ வடசொல் என்று அவ்வளவு விரைவாகத் தள்ளிவிட முடியுமா? எங்கள் தகடூர் மன்னன் அதிகமான். சிறுபாணாற்றுப்படையிலேயே ‘அதிகன்’ என்று வருகிறான். அதிர், அதை போன்ற தமிழ்ச் சொற்களின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘அதி’ நம் வேராக ஏன் இருக்கக் கூடாது? பத்து ஆண்டுகளாக இதற்குச் சான்று சேர்த்து வருகிறேன்.

தஞ்சாவூர், புதன் மதியம்

அதிகன் குடிப்பெயர். மிகுதி என்னும் பொருளில் வரும் ‘அதிகம்’ வேறு. ஒலி ஒத்துப்போவதால் வேர் ஒன்றாகிவிடாது. அன்பரின் உழைப்பை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை.

தருமபுரி, புதன் மாலை

குடிப்பெயருக்கு வேர் கிடையாதா ஐயா? தனி இழையில் எழுதுகிறேன்.

டொராண்டோ, புதன் இரவு

வணக்கம். அக்கா என்னைக் குழுவில் சேர்த்துவிட்டார். துண்டுப்பிரசுரம் என்னுடையதுதான். இலக்கணம் எனக்குப் பெரிதாகத் தெரியாது. தொழிலில் இடிக்கிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ‘ஆய்வாளர்’. தமிழ்நாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளர் சிலர் அது பொலிஸ் இன்ஸ்பெக்டருக்குச் சொல்கிற பெயர் என்றார்கள். எனக்கு அரசாங்க வாசனை வரவே கூடாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2009 முதலும் அல்பர்ட்டாவில் 2011 முதலும் இந்தத் தொழிலுக்கு உரிமம் உண்டு. ஒன்டாரியோவில் 2017-இல் சட்டம் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவில்லை. என்னை அரசு அனுப்பியது என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது.

இரண்டு, ‘சார்பணி’. என் தொழிலின் முதல் நெறியே சார்பில்லாமல் இருப்பது. நான் பரிசோதித்த வீட்டில் நானே திருத்த வேலை செய்து காசு வாங்கக் கூடாது என்று எங்கள் தொழிற்சங்கங்களின் நெறிமுறை சொல்கிறது. கூரையில் ஓட்டை என்று எழுதிவிட்டு அதை நானே அடைத்தால் என் அறிக்கையை யார் நம்புவது? அளப்பதை, பார்ப்பதை எவ்வளவும் கூட்டலாம், திருத்துவதைக் கூட்ட முடியாது. அதே தாளில் ‘சார்’ என்ற எழுத்து வந்தால் எனக்கு நெஞ்சு இடிக்கும்.

மூன்று, றேடன். நிலத்திலுள்ள யுரேனியம் சிதைந்து வரும் வாயு. நிறமில்லை, மணமில்லை. நிலக்கீழறை வெடிப்புகளால் உள்ளே வரும். புகைபிடித்தலுக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் இதுதான். கனடாவின் வழிகாட்டு அளவு கன மீட்டருக்கு 200 பெக்கரல் (கதிரியக்க அலகு), அமெரிக்காவில் அந்தக் கணக்குக்கு ஏறக்குறைய 148. கனடாச் சுகாதாரத் துறை குறைந்தது மூன்று மாதம், அதுவும் வீடு பூட்டிக் கிடக்கும் குளிர்காலத்தில் அளக்கச் சொல்கிறது. நான் வீட்டில் நிற்பது மூன்று மணித்தியாலம். ஆகவே வாங்கிக் குடிபோன பிறகு கருவியை வைத்து, மூன்று மாதம் கழித்து எடுக்கிறேன். இதைக் ‘கூடுதல்’ என்றால் அன்றைக்கே முடிவு கிடைக்கும் என்று ஆட்கள் காத்திருப்பார்கள்.

பதினோராம் மாதமும் அப்படித்தான். ஒன்டாரியோவில் புது வீட்டு உத்தரவாதத்தைப் பார்க்கும் அமைப்பு டாரியன். அதன் உத்தரவாதம் ஓராண்டு, ஈராண்டு, ஏழாண்டு என்று பிரிந்திருக்கிறது. முதலாண்டு முடியுமுன் குறைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்காகத் தனியாக ஒருமுறை போகிறேன். முதல் வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது கமராவும் வெப்பப் படமும் மட்டும்தான்.

கோயம்புத்தூர், வியாழன் அதிகாலை

இது முக்கியம். அப்படியானால் ‘ஒட்டு’, ‘இணைப்பு’, ‘சார்’ எல்லாமே தவறான படம் தருகின்றன. அவற்றில் பாதி வேலைகள் தனியாகவே நிற்கின்றன. ‘கொசுறு’ என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதினார். கொசுறுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, வேண்டாம்.

மதுரை, வியாழன் காலை

தாமதமாக வருகிறேன். ‘இன்ஸ்பெக்டர்’ என்பதற்கு ஒரு பழைய சொல் சும்மா கிடக்கிறது: வண்ணக்கன். நாணயத்தின் தரம் பார்த்தவர்களின் பெயர். சங்கப் புலவர்களிலேயே வடம வண்ணக்கன், புதுக்கயத்து வண்ணக்கன் என்று பெயர் பெற்றவர்கள் இருக்கிறார்கள். பொன்னை உரைத்துப் பார்த்து, தனக்கு ஆதாயமில்லாமல் உண்மையைச் சொல்கிற தொழில். டொராண்டோ தம்பி சொன்ன சார்பின்மை அதற்குள்ளேயே இருக்கிறது. ‘வீட்டு வண்ணக்கர்’ என்று வைத்தால் ஒரு சொல் உயிர்பெறும்.

கோயம்புத்தூர், வியாழன் காலை

வீட்டோடு வண்ணம் சேர்ந்தால் பெயின்ட் அடிப்பவர் என்றுதான் படிப்பார்கள். நல்ல சொல், தவறான துறை.

ஸ்கார்பரோ, வியாழன் மதியம்

நான் இந்தக் குழுவில் எழுதுவது குறைவு. என்ர தங்கச்சி குடும்பம் 1950-களில் கட்டின வீடு ஒன்று வாங்கினார்கள். ‘இன்ஸ்பெக்சன்’ செய்தாயிற்று என்று நிம்மதியாகக் குடிபோனார்கள். இரண்டாம் மாதம் நிலக்கீழறைத் தரையிலிருக்கும் வடிகாலால் கழிவு மேலே வந்தது. பழைய சுட்ட மண் குழாய், முன்முற்றத்து மேப்பிள் மரத்தின் வேர் மூட்டுகளால் உள்ளே போய் அடைத்திருந்தது. அறிக்கையை எடுத்துப் பார்த்தால், நிலத்துக்குக் கீழுள்ள குழாய் பார்க்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பார்த்தவர் பொய் சொல்லவில்லை. சாதாரணப் பரிசோதனை கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்பது மட்டும்தான், தரையைத் தோண்டுவதில்லை. தங்கச்சிக்கு அது விளங்கவில்லை. ‘முழுக்கப் பார்த்தாயிற்று’ என்று நினைத்துவிட்டாள்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். சொல் தமிழா வடமொழியா என்பது எனக்கு இரண்டாவது. வாசிக்கிற ஆளுக்கு, இது முதல் கட்டணத்துக்குள் இல்லை, கேட்டால்தான் செய்வார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

தஞ்சாவூர், வியாழன் மாலை

மடலைப் படித்தேன். மனம் கனத்தது. ‘ஆய்ந்தாய்ந்து கொள்ளாதான் கேண்மை கடைமுறை தான்சாம் துயரம் தரும்’ என்பது நட்பாராய்தலில் சொன்னது, வீட்டுக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

சார்பணியைத் திரும்பப் பெறுகிறேன். தம்பி சொன்ன காரணம் வலுவானது. ஆனால் ‘தனிக்கட்டணச் சோதனை’ கலைச்சொல் அல்ல, அது விளக்கம். விளக்கங்களையே சொற்களாக வைத்துக்கொண்டு போனால் மொழியில் சொல் வளராது. ‘வேறாய்வு’ என்று ஒன்றை முன்வைக்கிறேன். முதல் ஆய்வில் அடங்காத வேறொரு ஆய்வு.

யாழ்ப்பாணம், வியாழன் இரவு

ஐயா, ‘வேறாய்வு’ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு விடிய அச்சுக்குப் போகிற தாளில் ஒருவரும் கேட்டிராத சொல்லை வைத்தால் ஸ்கார்பரோ அக்காவின் தங்கச்சி மாதிரி இன்னொருவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். சொல் பத்து வருடத்தில் பழகட்டும், குழாய் இந்த மாதமே அடைக்கும்.

மார்க்கம், வியாழன் நள்ளிரவு

எல்லாருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: ‘மேலதிக’ பக்கம் ஐந்து பேர் (மூன்று பேர் தனிமடலில்), ‘தனிக்கட்டண’ பக்கம் நாலு பேர், ‘வேறாய்வு’ ஐயா மட்டும், மதுரை அண்ணா இன்னும் வண்ணக்கரை விடவில்லை. முதல் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். தலைப்பு ‘மேலதிக பரிசோதனைகள்’. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ‘அடிப்படைக் கட்டணத்துக்குள் இவை இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், நீங்கள் கேட்டால் மட்டும்.’ றேடனுக்கு நேரே ‘குடிபோன பின், மூன்று மாதம்’ என்று போடுகிறேன். தம்பியின் பெயருக்குக் கீழே ‘வீட்டுப் பரிசோதகர்’.

தஞ்சாவூர், வெள்ளி அதிகாலை

‘மேலதிக’ எனக்கு உடன்பாடில்லை. என் மறுப்பைப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போடுவதென்று முடிவான பிறகு பிழையில்லாமல் போடுங்கள். மேலதிகம் மகர ஈறு. ‘மவ்வீறு ஒற்றழிந்து’ உயிரீறு போலாகி வல்லினம் மிகும். மரம், பலகை, மரப்பலகை. ஆகவே ‘மேலதிகப் பரிசோதனைகள்’. அச்சகம் திறக்குமுன் ஒற்றைச் சேர்த்துவிடுங்கள் அம்மா.

யாழ்ப்பாணம், வெள்ளி அதிகாலை

இலங்கைப் பத்திரிகைகளில் ‘மேலதிக தகவல்கள்’ என்றுதான் நாள்தோறும் வருகிறது ஐயா, ஒற்று இல்லாமல். ‘அதிக’ அங்கே ‘பெரிய’, ‘சிறிய’ போல அடையாக நிற்கிறது என்பது என் வாதம்.

மார்க்கம், வெள்ளி காலை

கோப்பு ஏழு மணிக்கே போய்விட்டது. ‘ப்’ போட்டுத்தான் அனுப்பினேன், யாழ்ப்பாணத்துத் தம்பி கோவிக்க வேண்டாம். கழிவுக் குழாய் வரியை மட்டும் டொராண்டோ தம்பி கேட்டபடி முதலாவதாக மேலே ஏற்றியிருக்கிறேன்.